உள்ளே போய்விட்டால் அது சரியான தோட்டாவா?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதிலும் சுடுதளத்தில் பயிற்சியாளர்களுக்கு அருகில் நிற்பதிலும் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே தோட்டாவைப் பற்றியவை என்பதால் மகிழ்ச்சியோடு உட்கார்ந்தேன்.

கேள்வி: பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். என்னுடையது 12 போர் (bore, குழலின் அளவு) துப்பாக்கி. என் தோழி வைத்திருப்பது 20 போர். அவளுடைய தோட்டா சிறியதுதானே? தவறுதலாக என் துப்பாக்கியில் போட்டுவிட்டால் வெடிக்காது, அவ்வளவுதானே ஐயா?

பதில்: அது வெடிக்காமல் போவதில்தான் அம்மா ஆபத்து தொடங்குகிறது.

என் பட்டறை மேசையில் ஒரு 12 போர் குழல் கிடக்கிறது. தோட்டா அறைக்குச் சற்று முன்னால், இடது கை பிடிக்கும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பக்கவாட்டில் கிழிந்திருக்கிறது. உள்ளே விரலை விட்டால் குழலோடு ஒட்டிப்போன ஒரு பித்தளை வளையம் தட்டுப்படும். 20 போர் தோட்டாவின் அடிப்பகுதியில் மிஞ்சியது அதுதான். துப்பாக்கிக்கு உரியவர் இடது கையில் இரண்டு விரல்களை இழந்தார். அந்தக் குழலை என்னிடம் கொடுத்தபோது அவர் சொன்ன வாக்கியம் இன்றும் என் காதில் இருக்கிறது: “திறந்து பார்த்தேன் ஐயா, அறை காலியாகத்தான் இருந்தது.”

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம அளவுள்ள 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவுதான் 12 போர். 20 உருண்டைகளாக்கினால் 20 போர். அதனால் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ.; 20 போருக்கு 15.6 மி.மீ. சிறிய தோட்டாவை 12 போரில் போட்டால் அதன் விளிம்பு அறையின் வாயில் நிற்காது. உள்ளே வழுக்கிச் சென்று, அறை முடிந்து குழல் ஒடுங்குகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சுடும் ஊசி அதை எட்டாது. விசையை இழுத்தால் “டிக்” என்ற ஒலி மட்டும் கேட்கும். திறந்து பார்த்தால் அறையில் ஒன்றும் தெரியாது. தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைப்பது மனித இயல்பு. உடனே ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டு மூடுகிறோம். அதுவும் தடையில்லாமல் உள்ளே போகும், ஏனென்றால் முன்னால் கிடப்பது அதற்கு இடம் விட்டுத்தான் கிடக்கிறது. இப்போது விசையை இழுத்தால், பின்னால் இருப்பது வெடித்து முன்னால் இருப்பதன் மேல் மோதும். வெளியேற வழியில்லாத அழுத்தம் குழலைக் கிழித்துக்கொண்டு போகும்.

பல தயாரிப்பாளர்கள் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். நிறம் கண்ணுக்கு உதவும். சட்டைப் பைக்குள் துழாவும் கைக்கு நிறம் தெரியாதே! ஆகவே ஒரு பையில் ஒரே வகைத் தோட்டா. உங்கள் தோழி பக்கத்து இடத்தில் நின்று சுட்டால், அவளுடைய தோட்டாப் பெட்டி உங்கள் மேசைக்கு வரக்கூடாது. “டிக்” என்று மட்டும் கேட்டால், குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். பிறகு திறந்து, அறையை மட்டும் பார்த்து நிறுத்தாமல், குழல் முழுவதையும் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். மறுமுனை வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால்தான் அடுத்த தோட்டா.

20 போர் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். 28 போர் தோட்டா உங்கள் குழலில் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: அறைக்குள் பொருந்தி, துப்பாக்கியும் ஒழுங்காக மூடிக்கொண்டால் அது சரியான தோட்டா என்றுதானே பொருள்? தவறானது எப்படி உள்ளே போகும்?

பதில்: இந்த நம்பிக்கையைத்தான் நான் முப்பது ஆண்டுகளாக உடைக்கப் பார்க்கிறேன். பூட்டுக்குள் நுழைகிற சாவியெல்லாம் அந்தப் பூட்டைத் திறப்பதில்லை. நுழையாத சாவி நம்மைக் காப்பாற்றுகிறது. நுழைந்துவிடுகிற தவறான சாவிதான் தொல்லை.

.223 ரைஃபிளையும் .300 பிளாக்அவுட் ரைஃபிளையும் எடுத்துக்கொள்ளுங்கள். .300 தோட்டாவின் கூடு, அதாவது வெடிமருந்தையும் முனையிலுள்ள குண்டையும் தாங்கும் உறை, .223 கூட்டைக் குட்டையாக்கிச் செய்தது. இரண்டும் ஒரே மேகசினில், அதாவது ரைஃபிளில் மாட்டும் தோட்டாப் பெட்டியில், உட்காரும். ஆனால் .300 தோட்டாவின் குண்டு 7.8 மி.மீ.; .223 ரைஃபிளின் குழலோ 5.7 மி.மீ. சில வகைக் குண்டுகளோடு அந்தத் தோட்டா .223 அறைக்குள் போய், மூடவும் இடம் கொடுத்துவிடும். ரைஃபிள் தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் எழும் அழுத்தம் ஏறத்தாழ 4,000 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). காரின் டயரில் நாம் அடைக்கும் காற்று 2 பாரைச் சற்றே தாண்டும். அந்த 4,000 பார், தன்னைவிடச் சிறிய துளையில் சிக்கிய குண்டைத் தள்ள முடியாமல் மேலும் மேலும் ஏறினால், முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் இருக்கும் இரும்பு என்ன ஆகும்?

சுடாத தோட்டாவின் நீளமும் ஏமாற்றும். 12 போர், 20 போர் போன்ற ரவைத் தோட்டாவின் பெட்டியில் 70 அல்லது 76 மி.மீ. என்று போட்டிருப்பது, சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் நீளம். மடித்து மூடிய நிலையில் 76 மி.மீ. தோட்டா 70 மி.மீ. அறைக்குள் சத்தமில்லாமல் போய்விடும். வெடிக்கும்போது அதன் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுக்கத்தில் நெருக்கும், அழுத்தம் எகிறும்.

கைத்துப்பாக்கியில் ஓர் எடுத்துக்காட்டு: 7.62×25 டோக்கரேவ் தோட்டாவும் 7.63 மவுசர் தோட்டாவும் அளவில் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ஆனால் டோக்கரேவ் தோட்டாவின் அழுத்தம் கூடுதல். 1896ஆம் ஆண்டு மாதிரி மவுசர் கைத்துப்பாக்கி ஒன்று உங்களிடம் இருந்தால், அதில் டோக்கரேவ் தோட்டாவைப் போட்டுச் சோதிக்காதீர்கள்.

கேள்வி: குழலில் 7.62 என்றிருக்கிறது, பெட்டியிலும் 7.62 என்றிருக்கிறது. போதாதா?

பதில்: போதாது. 7.62×25, 7.62×39, 7.62×51, 7.62×54 எல்லாம் வெவ்வேறு தோட்டாக்கள். பெருக்கல் குறிக்குப் பின்னால் இருப்பது கூட்டின் நீளம். சில சமயம் கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும்: 8×57 ஜே, 8×57 ஜேஎஸ் ஆகிய இரண்டுக்கும் கூடு ஒன்றே, குண்டின் தடிப்பில் மட்டும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வேறுபாடு. தடித்த குண்டைப் பழைய ஜே குழலில் சுடுவது ஆபத்து. குழலில் பொறித்ததையும், பெட்டியில் அச்சிட்டதையும், தோட்டாவின் அடியில் பொறித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம் என்கிறார்களே?

பதில்: சுடலாம். மறுதலையாகக் கூடாது. 1935இல் .357 வந்தபோது, .38 ரிவால்வருக்குள் போகாதபடி அதன் கூட்டை 3 மி.மீ.க்குச் சற்று மேல் நீளமாகச் செய்தார்கள். எல்லாத் தோட்டாக்களுக்கும் இப்படி யோசித்திருந்தால் எனக்கு இந்தப் பக்கத்தில் வேலை இருந்திருக்காது.

கேள்வி: தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி உரிமத்தோடு என் பெயருக்கு வந்திருக்கிறது. குழல் முழுவதும் அலையலையாக அழகான கோலம். இன்றைய தோட்டாவைப் போட்டு ஒரு முறை சுட்டுப் பார்க்க ஆசை.

பதில்: தம்பி, அந்த ஆசையைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். அந்த அலைக்கோலம், இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி அடித்த குழலின் அடையாளம். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை கருமருந்து என்ற பழைய வெடிமருந்தின் காலத்தில் பிறந்தவை. இன்றைய புகையில்லா வெடிமருந்தின் அழுத்தம் அவற்றுக்குப் பழக்கமில்லாதது. பட்டைகள் இணையும் இடத்தில் உள்ளுக்குள் துரு ஏறியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. அறையின் நீளமும் 65 மி.மீ. ஆக இருக்கலாம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813 முதல் குழல்களைக் கூடுதல் அழுத்தத்தில் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். அப்படி ஏதேனும் முத்திரை இருந்தால், எந்த மருந்துக்குச் சோதித்த குழல் என்று தேர்ந்த கைவினைஞர் படித்துச் சொல்வார். அவர் சொல்லும்வரை துடைத்து, எண்ணெய் பூசி, சுவரிலேயே வையுங்கள்.

கேள்வி: நேற்று ஒரு வேட்டு மட்டும் மந்தமாகக் கேட்டது. அடுத்ததைச் சுடப்போனபோது பயிற்சியாளர் கத்தித் தடுத்தார். அவ்வளவு கோபம் ஏன்?

பதில்: அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லுங்கள். மருந்து குறைந்த தோட்டா, குண்டைக் குழலின் பாதிவழியில் விட்டுவிடும். அடுத்த குண்டு அதன்மேல் மோதும். 1993இல் ஒரு படப்பிடிப்பில் நடிகர் பிராண்டன் லீ இறந்தது இதற்கு நெருங்கிய உறவுள்ள ஒரு தவறால். மருந்தை எடுத்துவிட்டுக் காட்சிக்காகச் செய்த போலித் தோட்டாவில் நெருப்புப் பொறி தரும் கேப் மட்டும் உயிரோடு இருந்தது. அதன் சிறு விசை குண்டைக் குழலுக்குள் தள்ளியது. யாரும் குழலைப் பார்க்கவில்லை. பின்னர் சத்தத்துக்காகப் போட்ட குண்டில்லாத தோட்டா, உள்ளே கிடந்த குண்டை அவர்மேல் செலுத்திவிட்டது.

கேள்வி: என் கணவர் மிஞ்சிய தோட்டாக்களையெல்லாம் ஒரே தகர டப்பாவில் போட்டு வைக்கிறார். “எனக்குத் தெரியும்” என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அந்தக் கிழிந்த குழலுக்கு உரியவருக்கும் தெரிந்துதான் இருந்தது அம்மா, இருபது ஆண்டுப் பழக்கம் அவருக்கு. உங்கள் கணவரைப் பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து உட்காரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள எழுத்தைப் படித்து வகை பிரித்து, அதனதன் பெட்டியில் போடட்டும். எழுத்து தேய்ந்தவை, பச்சை பூத்தவை, பள்ளம் விழுந்தவை, எதிலும் சேராதவை எல்லாம் தனியே. அவற்றைச் சுட்டுத் தீர்க்க வேண்டாம், குப்பையிலும் நெருப்பிலும் போட வேண்டாம். உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ முதலில் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைக்கட்டும்.