வாடகை வீட்டில் ராத்திரிச் சத்தம், ஓனர் கண்டுகொள்ளவே இல்லை. என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் நிலைமை புரிகிறது. வாடகை வீடு, ராத்திரியில் மேலேயிருந்து சத்தம், தூக்கம் போச்சு, ஓனரிடம் சொன்னால் "இதுக்கு முன்னாடி இருந்தவங்க யாரும் சொன்னதே இல்லையே" என்கிறார். இந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இதே வரியை வார்த்தை மாறாமல் என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர்களுக்குத்தான் தெரியும் அது எப்படிச் சுடும் என்று. சத்தத்தைப் பற்றிய பேச்சு சட்டென்று உங்களைப் பற்றிய பேச்சாகிவிடும். உங்கள் காது, உங்கள் நரம்பு, உங்கள் குணம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் முதலில் ஒன்று. சத்தம் பெரிசா சின்னதா என்ற வாதத்துக்குள் போகவே போகாதீர்கள். அந்த வாதத்தில் வாடகைக்கு இருப்பவர் ஜெயிக்கவே முடியாது. அந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக உங்கள் அறைக்குள் வருகிறது, இதைக் கண்டுபிடியுங்கள். வழி தெரிந்துவிட்டால் "எனக்குத் தூக்கம் வரலை" என்று கெஞ்ச வேண்டியதில்லை, "இந்த இடத்தில் இந்த வேலையைச் செய்யணும்" என்று சொல்லலாம். இரண்டுக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு.

எங்கள் கதையைச் சொல்கிறேன். நாங்கள் இருந்தது மேல் தளம். தலைக்கு மேலே மொட்டை மாடி, அங்கே தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் ஒரு பிரஷர் பம்ப். மேல் தளத்துக்கு தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்பதற்காக வைக்கும் தானியங்கி மோட்டார் அது. யார் வீட்டில் குழாயைத் திறந்தாலும் தானாக ஓடும், மூடினால் நிற்கும். அதை நேராகத் தளத்தின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அதிலிருந்து இறங்கும் குழாய் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டியே வரும், அதையும் இரும்புக் கிளாம்ப் போட்டு சுவரோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். மோட்டார் ஓடத் தொடங்கியதும் சுவரே உறுமும். உள்ளங்கையைச் சுவரில் வைத்தால் நடுக்கம் தெரியும். அங்கே ஆணியில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தோம், அது ஒவ்வொரு தடவையும் சுவரோடு உரசி 'டிர்ர்ர்' என்று அடிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஓனர் வந்து பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தார். பகலில் வந்தார். தெருச் சத்தம், நாலு வீட்டுப் பாத்திரச் சத்தம், டிவி, எல்லாம் சேர்ந்து ஓடுகிற நேரத்தில் வந்து நின்று, "எங்கே சார், ஒண்ணும் கேக்கலையே" என்றார். போனில் சத்தம் அளக்கும் ஆப் போட்டுக் காட்டினேன். மோட்டார் ஓடும்போதும் எண் பெரிதாக ஏறவில்லை. "பாருங்க, உங்க போனே சொல்லுது" என்று கிளம்பிவிட்டார்.

இது உங்களுக்கும் நடக்கும், அதனால் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆப்கள் பெரும்பாலும் 'ஏ' எடையிடல் என்ற முறையில் அளப்பவை. மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதி கம்மியாகத்தான் கேட்கும் என்ற கணக்கில், தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே காட்டும். ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு, எண் குறையக் குறைய ஒலி தாழும்; டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. 100 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் சுமார் 19 டெசிபல் கழிந்துவிடும், 50 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 30. மோட்டார், கம்ப்ரஸர் மாதிரியானவற்றின் உறுமல் பெரும்பகுதி அந்த வட்டாரத்தில்தான் இருக்கும். நீங்கள் உடம்பால் உணர்கிற சத்தம் எண்ணில் காணாமல் போவது இப்படித்தான். ஆப்பில், தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகக் குறைக்காத 'சி' எடையிடல் இருந்தால் அதற்கு மாற்றி அளந்து பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் உங்கள் பிரச்சினை தாழ்ந்த ஒலி என்று அர்த்தம். போன் மைக்கை நம்பி வழக்குப் போட முடியாதுதான். ஆனால் எங்கே தேடவேண்டும் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில், படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமலும், திடீரென்று எழும் ஒற்றைச் சத்தம் 45ஐத் தாண்டாமலும் இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அதிலேயே, தாழ்ந்த ஒலி அதிகமாக இருந்தால் இதைவிடக் குறைவான அளவே தேவை என்றும் இருக்கிறது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பவர்களிடம் இதைக் காட்டலாம். நான் காட்டினேன், எங்கள் ஓனர் அசையவில்லை, அது வேறு விஷயம்.

அவரை அசைத்தது நோட்டுப் புத்தகம். மோட்டார் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று சில ராத்திரிகள் எழுதி வைத்தேன். எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. விடியற்காலை எல்லோரும் தூங்குகிற நேரத்திலும் அது ஓடுகிறது, அதுவும் ஏறக்குறைய சம இடைவெளியில் ஓடுகிறது. மனிதர்கள் யாரும் சம இடைவெளியில் எழுந்து குழாய் திறக்க மாட்டார்கள். சமையலறைக் குழாய் மாற்ற வந்த பிளம்பர் அண்ணனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் சொன்னார், "ஆளில்லாம மோட்டார் ஓடுதுன்னா எங்கேயோ தண்ணி கசியுது தம்பி. அழுத்தம் இறங்க இறங்க அது தானா ஓடி ஏத்திக்குது." தேடினால், பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டில் கழிவறை ஃப்ளஷ் டேங்க் வால்வு தேய்ந்து, தண்ணீர் சத்தமே இல்லாமல் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. யாருமே இல்லாத வீட்டின் ஒழுகலுக்காக ராத்திரி முழுக்க எங்கள் சுவர் உறுமியிருக்கிறது.

ஓனருக்கு இதை மெசேஜில் அனுப்பினேன். தேதி, நேரம், காரணம், படத்தோடு. மறுநாளே ஆள் வந்தது. தண்ணீர் வீணாகிறது, கரண்ட் வீணாகிறது, மோட்டார் தேய்கிறது என்றதும் வந்தது. மாதக்கணக்கில் ஒரு குடும்பம் தூங்கவில்லை என்று சொன்னபோது வராத ஆள் அது. இதை எழுதும்போது இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் சத்தத்தில் ஓனருக்கு நஷ்டமாகும் சங்கதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த போல்ட், ஒழுகும் வால்வு, தேய்ந்த பேரிங், ஆடும் கதவு. பழுதாகிற பொருள்தான் பெரும்பாலும் சத்தம் போடும்.

ஒழுகல் நின்றதும் விடியற்காலைத் தொல்லை போய்விட்டது. யாராவது நிஜமாகக் குழாய் திறந்தால் வரும் உறுமல் மட்டும் பாக்கி. அதற்கும் அந்த பிளம்பர் அண்ணனே வழி சொன்னார். மோட்டாருக்கு அடியில் தடித்த ரப்பர் திண்டு, மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு முழ நெகிழ் குழாய், சுவரில் இரும்புக் கிளாம்புக்குப் பதிலாக உள்ளே ரப்பர் வைத்த கிளாம்ப். மூன்றும் செய்வது ஒரே காரணத்துக்காகத்தான், இயந்திரத்தின் நடுக்கம் கட்டடத்துக்குள் இறங்கக் கூடாது. இறங்கிவிட்டால் கான்கிரீட் அதைத் தூரமாகக் கொண்டுபோய் வேறு எங்கோ இருக்கும் அறையில் சத்தமாகக் கொட்டிவிடும். ஒரு பகலுக்குள் வேலை முடிந்தது. அன்று ராத்திரி கண்ணாடி அசையவில்லை.

ஆக, உங்கள் சத்தம் எந்த வகை என்று பிரியுங்கள். பேச்சு, பாட்டு, டிவி, நாய் குரைப்பு எல்லாம் காற்று வழியாக வருபவை. கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு, காற்றுத் துளை, இவைதான் பாதை. சுவர் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே போதும், மிச்சச் சுவர் கோட்டைச் சுவராக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. அதனால் இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை, கதவின் அடியில் ஒட்டும் தடுப்பு, இவற்றுக்குச் செலவழிப்பது வீண் போகாது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். சுவரில் ஸ்பாஞ்ச் பலகை ஒட்டச் சொல்லி நிறையப் பேர் யோசனை சொல்வார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள். அது அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், பக்கத்து வீட்டுச் சத்தத்தைத் தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் கனம் வேண்டும். சுவரின் கனத்தை இரட்டிப்பாக்கினாலும் ஏட்டுக் கணக்கில் சுமார் 6 டெசிபல்தான் குறையும். வாடகை வீட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமா?

நாற்காலி இழுப்பது, காலடி, கதவை அறைவது, மோட்டார், இவையெல்லாம் கட்டடம் வழியாக வருபவை. இதற்கு உங்கள் அறையில் நீங்கள் என்ன செய்தாலும் பெரிய பலன் இருக்காது, பிறக்கும் இடத்தில்தான் மருந்து. மேல் வீட்டுக்காரர் என்றால் சத்தம் வரும் நேரத்தில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் குரலில் கோபம் இருக்கும், அவர்கள் காதில் கோபம் மட்டும்தான் விழும். ஒரு சாயந்திரம் போய், "அக்கா, ஒரு நிமிஷம் எங்க வீட்டுக்கு வாங்களேன், மேலே யாரையாவது நாற்காலியை இழுக்கச் சொல்லுங்க" என்று கூப்பிட்டுக் கேட்க வையுங்கள். நாங்கள் முன்பு இருந்த வேறொரு வீட்டில் இது பலித்தது. அந்த அக்கா முகம் வாடிப்போய், "இவ்வளவு கேக்குமா?" என்றார். மறுநாளே நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ஃபெல்ட் துண்டு ஒட்டிவிட்டார். தன் வீட்டுத் தரை இன்னொருவருக்குக் கூரை என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

இங்கே சிலர் கோபமாக வருவார்கள் என்று தெரியும். "குழந்தை ஓடினாக்கூட குற்றமா, அப்படின்னா காட்டுக்குப் போய் இருங்க" என்று. குழந்தை ஓடுவதை நான் சொல்லவில்லை. குழந்தை ஓடத்தான் செய்யும். ஓடும் இடத்தில் ஒரு தடித்த விரிப்பு போட்டால் கீழே இருப்பவருக்கும் ஒரு வாழ்க்கை கிடைக்கும் என்றுதான் சொல்கிறேன். "பிடிக்கலைன்னா வேற வீடு பாருங்க" என்பவர்களுக்கு: வீடு மாறுவது என்ன சட்டை மாற்றுவதா? குழந்தைகள் பள்ளி, வேலைக்குப் போகும் தூரம், அட்வான்ஸ், சாமான் ஏற்றி இறக்கும் செலவு, எல்லாம் இருக்கிறது.

அட்வான்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. பிறகு வேறு காரணத்துக்காக அந்த வீட்டைக் காலி செய்தபோது, அந்தக் கண்ணாடி மாட்டிய ஆணி ஓட்டைக்கும் சேர்த்து பெயின்ட் செலவு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் குடியிருந்தால் பெயின்ட் மங்கத்தான் செய்யும், அதற்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் வாடகை கொடுக்கிறோம்? ரசீது கேட்டேன், தரவில்லை. குடிபோகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து ஓனருக்கே அனுப்பி வைத்துவிடுங்கள், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, சத்தத்தைவிட அதன்மேல் நமக்குப் பிடி இல்லை என்பதுதான் ஆளை அரிக்கிறது. 1970ஐ ஒட்டிய வருஷங்களில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை பிரபலம். சத்தம் கேட்கும் அறையில் சிலருக்கு மட்டும் ஒரு பொத்தானைக் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அழுத்தி நிறுத்தலாம் என்று சொன்னார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் அதன் பிறகு கொடுத்த வேலைகளைப் பொத்தான் இல்லாதவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள். வாடகைக்கு இருப்பவரிடம் அந்தப் பொத்தான் இல்லை. "உங்களுக்குக் காது கொஞ்சம் கூர்மை" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள், உங்களிடம் கோளாறு இல்லை.

ஓனரிடம் வாயால் சொன்னதோடு விடாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். திட்டு வேண்டாம், எந்தச் சத்தம், எங்கிருந்து, எந்த நேரங்களில், என்ன வேலை செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், அவ்வளவுதான். பல நாட்டுச் சட்டங்களில் வாடகைக்கு இருப்பவர் இடையூறு இல்லாமல் குடியிருக்கும் உரிமை இருக்கிறது, உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பல இடங்களில் அதையே காரணமாக வைத்து உங்களைக் காலி செய்யச் சொல்ல முடியும்.

நீங்கள் 'மேலேயிருந்து சத்தம்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். இன்று ராத்திரி அது வரும்போது சுவரிலும் கதவிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நடுங்குகிறதா, விட்டு விட்டு வருகிறதா, இடைவெளி சமமாக இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். மோட்டார் மாதிரி தெரிந்தால் ஓனருக்கு அனுப்ப வேண்டிய மெசேஜை நானே எழுதித் தருகிறேன்.