பில்லுல எம்.எஸ். 65, கையில வந்தது பத்தவெச்ச காசு: பணம் திரும்ப வருமா?

கேள்வி: நான் நியூஜெர்சி எடிசன்ல இருக்கேன். மார்ச் மாசம் இங்க நடந்த ஒரு காயின் ஷோவுல 1915 பனாமா-பசிபிக் ரெண்டரை டாலர் தங்கக் காசு ஒண்ணு 4,800 டாலருக்கு செக் குடுத்து வாங்கினேன். டீலர் பென்சில்வேனியாக்காரர். பில்லுலயும் காசு வெச்சிருந்த அட்டையிலயும் "ஜெம், எம்.எஸ். 65"ன்னு (புழக்கத்துக்கே வராத, சேதமில்லாத காசுக்கு குடுக்கற தரம்) கையால எழுதியிருந்தார். ஜூலைல காசோட தரத்த பாத்து நம்பர் போடற கம்பெனிக்கு, கிரேடிங்குக்கு அனுப்பினேன், நம்பரே குடுக்காம "டீடெயில்ஸ், மவுண்ட் ரிமூவ்டு"ன்னு, அதாவது சேதமான காசு, நகையில பதிச்சிருந்தத கழட்டினதுன்னு திரும்பி வந்துச்சு. டீலருக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன். "கிரேடுங்கறது அவங்கவங்க அபிப்ராயம், பில்லுல ஆல் சேல்ஸ் ஃபைனல்னு இருக்கு, தங்கமும் ஏறியிருக்கு, உங்களுக்கு என்ன நஷ்டம்?"ங்கறார். பழைய அமெரிக்கத் தங்கக் காசுன்னா கவர்மென்டே புடுங்கிக்கும், கோர்ட் பக்கம் போகாதன்னு ஒரு ஃப்ரெண்ட் பயமுறுத்தறார். டிசம்பர்ல அப்பாவோட சதாபிஷேகத்துக்கு திருச்சி போறேன், காச எடுத்துட்டு போய் அவருக்கு காட்டணும்னு ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார், அந்தக் காச கிரேடிங் கம்பெனி போட்டு அனுப்பின பிளாஸ்டிக் பெட்டியிலேர்ந்து வெளிய எடுக்காதீங்க. உடைச்சு வேற கம்பெனிக்கு அனுப்பினா நம்பர் கிடைக்கும்னு யாராவது யோசனை சொல்லுவாங்க, கேக்காதீங்க. அந்தப் பெட்டியில இருக்கற லேபிள், டீலர் கையெழுத்துல இருக்கற அட்டை, பில், டீலர் பணமாக்கின செக்கோட காப்பி, இந்த நாலும்தான் உங்க கேஸே. அட்டைய பத்திரமா எடுத்து வைங்க, நிறைய பேர் கிரேடிங் ஆனதும் அத குப்பையில போட்டுடறாங்க.

காசோட விலை எங்கேர்ந்து வருதுன்னு புரிஞ்சாதான் சட்டம் புரியும், அதனால அத கொஞ்சம் விரிவா சொல்றேன். நம்ம வீடுகள்ல தங்கம்னா எடைதான். பாட்டியோட காசுமாலையில இருக்கற சவரனுக்கு வளையம் பத்தவெச்சிருந்தா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க, ஆசாரி தராசுல போட்டு பவுன் கணக்கு சொல்லிடுவார். இங்க அது தலைகீழ். உங்க காசு மொத்தமே 4.18 கிராம், அதுல பத்துல ஒம்பது பங்கு தங்கம். அவுன்ஸ் 4,000 டாலர்னே வெச்சுக்கோங்க, உள்ள இருக்கற தங்கம் 500 டாலரத் தொடாது. நீங்க குடுத்த மீதிப் பணம் முழுக்க அந்தக் காசு எவ்வளவு அபூர்வம், அதோட மேல்பரப்பு எவ்வளவு கைபடாம இருக்குங்கறதுக்கு குடுத்தது. 1915ல பனாமா கால்வாய் திறந்தத கொண்டாட சான்ஃபிரான்சிஸ்கோவுல நடந்த உலகக் கண்காட்சிக்காக பார்லிமென்ட் மாதிரி இருக்கற காங்கிரஸ் சட்டம் போட்டு அடிச்ச காசு இது, முன்பக்கம் குதிரைத் தலை மீன் வால் இருக்கற கடல் மிருகத்து மேல, அமெரிக்காவ ஒரு பொண்ணா காட்டற கொலம்பியா உக்காந்திருப்பா, அடிச்சதுல விக்காததெல்லாம் திரும்ப உருக்கிட்டாங்க, வெளிய போனது 6,749 காசுதான்.

அந்தக் காலத்துல இந்த மாதிரி காசுகள வாங்கினவங்க பல பேர் சேகரிக்கறவங்க இல்ல, ஞாபகார்த்தமா வாங்கினவங்க. 1903ல வந்த லூசியானா பர்ச்சேஸ் ஒரு டாலர் காச ஸ்பூன்லயும் ஊசியிலயும் ப்ரூச்லயும் பதிச்சும் வித்தாங்க. பின்னால யாரோ அத கழட்டி, பத்தவெச்ச இடத்த அரம் போட்டு தேச்சு, மறுபடி காசாக்கி விக்கறாங்க. உங்க காச பெட்டிய திறக்காமலே நல்ல வெளிச்சத்துல, பத்து மடங்கு பெருசா காட்டற லூப் (பூதக்கண்ணாடி) வெச்சு விளிம்புல, பன்னெண்டு மணி இருக்கற இடத்துல பாருங்க. அங்க நுணுக்கமான வரிப்பல்லு மழுங்கி, உலோகம் லேசா வழிஞ்ச மாதிரி, நிறம் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் மாறி இருந்தா அதுதான் பத்தவெச்ச தடயம். பாத்துட்டு போட்டோ எடுத்து வைங்க.

இப்ப டீலர் சொல்ற மூணு சாக்குக்கும் வரேன்.

கிரேடு அபிப்ராயம்ங்கறது. இதுல பாதி உண்மை இருக்கு, அத மறைக்க விரும்பல. அமெரிக்காவுல சரக்கு விக்கறதுக்கு யுசிசி ரெண்டாம் பிரிவுன்னு ஒரு பொதுச் சட்டம், நியூஜெர்சியும் பென்சில்வேனியாவும் ரெண்டுமே ஏத்துக்கிட்டது. அதுல 2-313ங்கற செக்ஷன் என்ன சொல்லுதுன்னா, விக்கறவர் சரக்கப் பத்தி இது உண்மைன்னு சொல்ற விவரமும், வர்ணனையும் வாரண்ட்டி (உத்தரவாதம்) ஆயிடும், வாரண்ட்டிங்கற வார்த்தைய அவர் எழுதணும்னு இல்ல. ஆனா வெறும் அபிப்ராயமோ, சும்மா புகழ்றதோ வாரண்ட்டி ஆகாது. அவர் 65ன்னு சொல்லி கம்பெனி 64ன்னு சொல்லியிருந்தா உங்க கேஸ் ரொம்ப பலவீனம், ஏன்னா நேர்மையான ரெண்டு நிபுணர் ஒரு பாயின்ட்ல வேறுபடறது தினமும் நடக்கறதுதான். உங்க விஷயம் அது இல்ல. எம்.எஸ். 65ங்கறது 1லேர்ந்து 70 வரைக்கும் போற அளவுகோல்ல ஒரு இடம், புழக்கத்துக்கே வராத, சேதமில்லாத காசுன்னு இந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும் அதுக்கு ஒரே அர்த்தம். நகையில பதிச்சு கழட்டின காசுக்கு அந்த நம்பரே கிடையாது. பத்தவெச்சிருக்கா இல்லையாங்கறது அபிப்ராயம் இல்ல சார், நடந்தது நடந்ததுதான். கோர்ட்ல இந்த ஒரு வாக்கியத்த விடாம புடிச்சுக்கணும். கிரேட பத்தி சண்டை போடாதீங்க, சேதத்த பத்தி பேசுங்க.

ஆல் சேல்ஸ் ஃபைனல்ங்கறது. மனசு மாறி திருப்பிக் குடுக்க வந்தா வாங்க மாட்டேன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஒரு கையால எம்.எஸ். 65ன்னு எழுதிட்டு இன்னொரு கையால எதுவும் உத்தரவாதம் இல்லன்னு எழுதினா, ரெண்டும் ஒத்துப் போகாத இடத்துல அந்த மறுப்பு செல்லாதுன்னு 2-316 சொல்லுது. "ஆஸ் இஸ்"னு எழுதியிருந்தாகூட சட்டம் தானா குடுக்கற வாரண்ட்டிதான் போகும், அவர் கைப்பட குடுத்தது போகாது.

தங்கம் ஏறியிருக்குங்கறது. எனக்கு ரொம்ப கோவம் வர்றது இந்தப் பேச்சுக்குத்தான், ஏன்னா இதச் சொல்லித்தான் நம்ம ஆளுங்கள வாயடைக்கறாங்க, நம்மளும் தங்கம்னதும் சரின்னு தலையாட்டிடறோம். நஷ்டத்த 2-714 படி கணக்கு போடணும், சொன்ன மாதிரி இருந்திருந்தா என்ன மதிப்பு, வந்தது என்ன மதிப்பு, நீங்க வாங்கின அன்னைக்கு இருந்த நிலவரப்படி ரெண்டுக்கும் வித்தியாசம். மார்ச்சுக்கு அப்பறம் தங்கம் எங்க போச்சுங்கறது அந்தக் கணக்குலயே வராது.

உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, காச வெச்சுக்கிட்டு வித்தியாசத்த கேக்கறது. இன்னொண்ணு, 2-608 படி ஏத்துக்கிட்டத ரத்து பண்ணி, காச திருப்பிக் குடுத்து முழு 4,800ம், கிரேடிங் ஃபீஸும் தபால் செலவும் கேக்கறது. வாங்கும்போது கண்டுபிடிக்க கஷ்டமான குறை, மதிப்ப பெருசா கெடுக்கற குறை, காசும் வாங்கின நிலையிலயே இருக்கு, அதனால ரெண்டாவது வழி உங்களுக்கு திறந்துதான் இருக்கு, நான்னா அதத்தான் எடுப்பேன். முதல் வழியில போனா மதிப்பீட்டுக்கு ஒருத்தர பிடிக்கணும், விலைப்பட்டியல் புக்க காட்டினா பத்தாது, அது விக்கறவங்க கேக்கற விலை. ஏலத்துல அதே காசு, அதே தரத்துல நிஜமா போன விலை, அதோட சேதமான காசு போன விலை, ரெண்டையும் மார்ச்சுக்கு பக்கத்து தேதியில எடுத்து எழுத்துல குடுக்கற நிபுணர் வேணும். உங்க காச தானே வாங்கிக்கறேன்னு சொல்ற ஆள்கிட்ட மதிப்பீடு வாங்காதீங்க, அடிமாட்டு விலைக்கு எழுதுவார்.

ஆனா இதெல்லாத்துக்கும் முன்னாடி உங்ககிட்ட ஒரு ஓட்டை இருக்கு. ரெண்டு தடவை போன் பண்ணேங்கறீங்க, எழுத்துல ஒரு வரி இல்ல. குறை தெரிஞ்சதும் நியாயமான காலத்துக்குள்ள விக்கறவருக்கு தெரியப்படுத்தலன்னா எல்லா உரிமையும் போச்சுன்னு 2-607 கறாரா சொல்லுது. நாலு வருஷம் டைம் இருக்குன்னு யாராவது சொன்னா அது கேஸ் போடறதுக்கு உள்ள காலக்கெடு, நோட்டீஸ் குடுக்கறதுக்கு இல்ல. ஜூலைல தெரிஞ்சது இன்னும் ஊறிக்கிட்டு இருக்கு, இந்த வாரமே லெட்டர் போகணும். சர்ட்டிஃபைட் மெயில்ல ஒண்ணு, ஈமெயில்ல ஒண்ணு. வாங்கின தேதி, பில் நம்பர், எம்.எஸ். 65ன்னு எழுதினது, கிரேடிங் லேபிள் போட்டோ, போன் பண்ண தேதி ரெண்டு, காச திருப்பிக் குடுக்க தயாரா இருக்கேன், பணத்த 15 நாளைக்குள்ள அனுப்புங்க, இவ்வளவுதான். திட்டாதீங்க, மோசடிக்காரன்னு எழுதாதீங்க, ஜட்ஜ் ஒரு நாள் படிக்கப் போற லெட்டர் அது.

அவர் மசியலன்னா நியூஜெர்சி கன்ஸ்யூமர் ஃப்ராட் ஆக்ட் இருக்கு, இதுதான் உங்க பெரிய ஆயுதம். விக்கறவர் பொய்யான தகவல் சொல்லியிருந்தா, அவருக்கு ஏமாத்தற எண்ணம் இருந்துச்சான்னு நீங்க நிரூபிக்க வேணாம், தெரிஞ்சே மறைச்சார்னு சொல்லப் போனாதான் அந்த எண்ணத்த காட்டணும். நஷ்டம் கணக்கு காட்டி ஜெயிச்சா அதுல மூணு மடங்கும் வக்கீல் ஃபீஸும் கோர்ட் குடுத்தே ஆகணும். உதாரணத்துக்கு நிபுணர் இப்ப இருக்கற காசு 1,800தான் பெறும்னு எழுதினா, நஷ்டம் 3,000, மூணு மடங்கு 9,000. அதனாலதான் ஸ்மால் கிளெய்ம்ஸ்ங்கற சின்ன வழக்குப் பிரிவுல போடாதீங்கங்கறேன், அங்க உச்சவரம்பு 5,000, ஸ்பெஷல் சிவில் பார்ட்ங்கற கோர்ட்ல 20,000 வரைக்கும் கேக்கலாம். டீலர் பென்சில்வேனியாங்கறதுக்காக அங்க ஓட வேணாம், வித்தது நியூஜெர்சியில, இங்கயே போடலாம். அவர் ப்ரொஃபெஷனல் நியூமிஸ்மாட்டிஸ்ட்ஸ் கில்ட்ங்கற காசு டீலர்கள் சங்கத்துல மெம்பரான்னும் பாத்துடுங்க, மெம்பர்னா அவங்க ஆர்பிட்ரேஷனுக்கு (கோர்ட்டுக்கு வெளிய நடுவர் குடுக்கற தீர்ப்புக்கு) கட்டுப்பட்டவர், சில சமயம் அந்த ஒரு புகார்லயே செக் வந்துடும்.

கவர்மென்ட் புடுங்கிக்கும்னு சொன்ன ஃப்ரெண்டுக்கு: 1933 ஏப்ரல்ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தங்கத்த ஒப்படைக்கச் சொன்ன உத்தரவுலயே சேகரிக்கறவங்களுக்கு தனி மதிப்பு உள்ள அபூர்வ காசுகளுக்கு விலக்கு இருந்துச்சு, 1974 டிசம்பர் 31லேர்ந்து அந்தத் தடையே இல்ல. அவர் கேள்விப்பட்டது 1933 தேதி போட்ட இருபது டாலர் காசா இருக்கும், பிலடெல்ஃபியாவுல ஒரு குடும்பத்துக்கிட்ட இருந்த பத்து காச கவர்மென்ட் எடுத்துக்கிச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வாசல் வரைக்கும் போயி 2017ல முடிஞ்சுது. அது காசு அடிக்கற மின்ட்ட விட்டு சட்டப்படி வெளியவே வராத காசு. உங்களது கண்காட்சியில ஜனங்களுக்கு வித்தது, தாராளமா கோர்ட்ல காட்டலாம்.

இன்னொரு விஷயம், வெறுத்துப் போய் இந்தக் காச அந்தப் பழைய அட்டையில வெச்சு எம்.எஸ். 65ன்னு வேற யாருக்கும் தள்ளிவிட்டுடாதீங்க. உங்களுக்கு இப்ப உண்மை தெரியும், அதனால மாட்டறது நீங்களா இருப்பீங்க.

திருச்சிக்கு எடுத்துட்டு போகாதீங்க சார். அப்பாகிட்ட காட்டணும்ங்கற ஆசை புரியுது, ஆனா இந்தியாவுல 1972ஆம் வருஷத்து தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின காசும் தொல்பொருள்தான், அத நாட்ட விட்டு வெளிய கொண்டு போக தனி ஆளுக்கு உரிமை இல்ல. இது 1915 காசு, திரும்ப வரும்போது ஏர்போர்ட்ல நிறுத்தினா இது அமெரிக்காவுலேர்ந்து நான் கொண்டு வந்ததுன்னு நிரூபிச்சு, காகிதம் வாங்கி, ஃப்ளைட்ட விட்டு, அதுக்குள்ள இங்க உங்க சாட்சிப் பொருள் அங்க மாட்டிக்கிட்டு இருக்கும். பேங்க் லாக்கர்ல வெச்சுட்டு போங்க, ரெண்டு பக்கமும் பெருசா போட்டோ எடுத்து ஃப்ரேம் போட்டு அப்பாவுக்கு கொண்டு போங்க, கண்ணாடி போட்டு பாக்கற வயசுல அவருக்கு அந்தக் கடல்குதிரை அதுலதான் நல்லா தெரியும். லெட்டர மட்டும் கிளம்பற வரைக்கும் தள்ளிப்போடாம இந்த வாரமே போட்டுடுங்க.