மேஸ்திரி, காண்ட்ராக்டர் வரிக் கணக்கு: ஊர் ஊராகக் கேட்டவையும் நான் சொன்னவையும்

தேவகோட்டை மேஸ்திரி: கூலிக்கு மட்டும் ஆள் விட்டு வீடு கட்டுகிறேன். ஜிஎஸ்டி உண்டா?

தனி வீடு, புதுக் கட்டடம், பொருள் முழுக்க வீட்டுக்காரர் வாங்கித் தருகிறார் என்றால் விலக்கு உண்டு. கம்பி, சிமெண்ட் நீங்கள் போட்டால் விலக்கு போச்சு. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு எடுத்து 18 சதவீதம் கட்ட வேண்டும். எதுவானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கானாடுகாத்தான்: பழைய வீட்டைச் சரி செய்கிறோம், கூலி வேலைதான். அதே விலக்கு வருமா? கூலியில் ஒரு பங்குக்குப் பழைய தேக்கு உத்தரம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

நல்ல கேள்வி. ஆள் குடியிருக்கும் வீட்டில் பட்டாசாலைக்கு (கூடத்துக்கு) ஆத்தங்குடித் தரைக்கல் மாற்றுவது வெறும் பழுதுவேலை, விலக்கு வராது. ஆனால் ஓடு சரிந்து, வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய கட்டு) இடிந்து, பூட்டிக் கிடக்கும் வீட்டை மறுபடி குடியிருக்கும்படி ஆக்குகிற மாற்றங்களைச் சட்டம் புது வேலையோடுதான் சேர்க்கிறது. அதனால் கை வைக்கும் முன்பே முகப்பிலிருந்து பின்கட்டு வரை தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஹோட்டலாக மாற்றப்போகிறார்கள் என்றால் இந்தப் பேச்சே இல்லை.

தேக்குக்கு வருவோம். 4 லட்சம் கூலி பேசி, 3 லட்சம் பணமாகவும் மீதிக்கு மரமாகவும் வாங்கினால் உங்கள் வரவு 4 லட்சம்தான். உத்தேச லாபக் கணக்கில் (வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைத்து வருமான வரி கட்டுவது) போகிறவர்களுக்கு வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் லாபம், மரமாக வந்ததில் 8.

பள்ளத்தூர்: இடிச்ச மரத்துக்கு ஏதுங்க வரி? எங்க அப்பா காலத்துல இருந்து இப்படித்தான்.

இடித்ததுக்கு வரி என்று யார் சொன்னது அண்ணே? கூலிக்குப் பதிலாக வந்ததால் வரி. காரைக்குடி பழம்பொருள் கடையில் அதை விற்றால் அது இன்னொரு வரவு.

பள்ளத்தூர்: விலையை யாரு போடுறது?

நீங்களும் வீட்டுக்காரரும். எத்தனை உத்தரம், என்ன நீளம், என்ன விலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதாமல் விட்டால் அதிகாரி போடுவார், அப்போது என்னிடம் வராதீர்கள்.

கோட்டையூர்: வாரக்கூலி ரொக்கமாகத் தரலாமா?

ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய் வரை. அதற்கு மேல் போனால் வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்க மாட்டார்கள். மேஸ்திரி கையில் மொத்தமாக 60,000 கொடுத்து ஒரே வவுச்சரில் எழுதினால் அது ஒருவருக்குக் கொடுத்ததாகத்தான் நிற்கும். மஸ்டர் ரோலில் (ஆள் வருகை, கூலிப் பதிவேடு) கொத்தனார், சித்தாள் பெயர் வாரியாகக் கையெழுத்து வாங்குங்கள்.

புதுவயல்: ரொக்கத்தை ரெண்டு வவுச்சராகப் போட்டால்?

அதே நாள், அதே ஆள் என்றால் கூட்டித்தான் பார்ப்பார்கள். மேலே படியுங்கள்.

கண்டனூர்: கூலியை ரொக்கமாக...

மேலே. மேலே.

தேவகோட்டை: 10 லட்சம் பில், டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) போக 9,90,000 வந்தது. எதை எழுதுவது?

10 லட்சம். பிடித்த 10,000 உங்கள் வரி, அதைத் தனியாகக் கழித்துக்கொள்ளலாம். வருமான வரித் துறை வைத்திருக்கும் உங்கள் வரிப் பிடித்தப் பதிவில் (26ஏஎஸ்) 10 லட்சம் இருக்க, நீங்கள் குறைத்துக் காட்டினால் நோட்டீஸ் வரும்.

காரைக்குடி: பிஎஃப், இஎஸ்ஐ?

என் துறை இல்லை. தொழிலாளர் சட்டம் பார்ப்பவரிடம் கேளுங்கள்.