கதிரையைச் சுவரோடு சாத்துங்கள்: விழுதல் பற்றிய கேள்வி பதில்

30 வருடம் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) பார்த்து ஓய்வெடுத்தவள். வயதானவர்கள் விழுவதைப் பற்றிக் கேளுங்கள். டொக்டர் என்று மட்டும் கூப்பிட வேண்டாம்.

பம்பலப்பிட்டி மகள்: அம்மாவுக்கு 74. போன மாதம் குளியலறையில் சறுக்கினார். முறிவில்லை. ஆனால் பயத்தில் கதிரையை விட்டு எழும்புகிறாரில்லை. என்ன பயிற்சி?

தங்கச்சி, அப்படி இருக்க இருக்கத்தான் தொடைப் பலம் போகும். எழும்புவதையே பயிற்சியாக்குங்கள். கைப்பிடியுள்ள மரக்கதிரை, கதிரையின் முதுகு சுவரில் முட்ட வேண்டும். பிளாஸ்டிக் கதிரை மாபிள் தரையில் பின்னால் ஓடும், வேண்டாம். பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலுக்கு நேரே வரும்வரை குனிந்து எழும்பட்டும். இருக்கும்போது மெதுவாக. ‘தொப்’பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். 5 தடவையில் தொடங்கி 10 ஆக்குங்கள். அப்புறம் குசினி மேடையைப் பிடித்து, ஒரு குதியை மற்றக் கால் விரலோடு முட்டவைத்து 10 செக்கன் நிற்கட்டும். பழகியதும் இரண்டு கை ஒரு கையாகலாம், பிறகு ஒரு விரல். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கொட்டாஞ்சேனை: அப்பாவுக்கு எழும்பியதும் தலை சுற்றுகிறது. எந்தப் பயிற்சி?

பயிற்சி இல்லை, முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். குடிக்கும் குளிசை எல்லாவற்றையும் காட்டுங்கள், நித்திரைக் குளிசை உட்பட.

வெள்ளவத்தை ஐயா: 20 வருடமாக மரைன் டிரைவ் கடற்கரை வீதியில் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். எனக்கு ஏன் இதெல்லாம்?

நடை நெஞ்சுக்கு நல்லது ஐயா, விழாமலிருக்க அது மட்டும் போதாது. நேர்ப்பாதையில் ஒரே சீராக நடந்தால், பக்கவாட்டில் சாய்ந்து மீளும் வேலை உடம்புக்குக் கிடைக்காது. நியூசிலாந்தின் ஒடாகோ பயிற்சி முறையில் கால் தசைக்கும் சமநிலைக்கும் கிழமைக்கு 3 நாள், அரை மணி நேரம். நடை அதற்கு மேலதிகமாகத்தான். ஆய்வுகளில் விழுதல் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது.

தெஹிவளை: ஐயா சொல்வதுதான் சரி. எங்கள் ஆச்சிமார் என்ன பயிற்சி செய்தார்கள்?

பாயில் இருந்து எழும்பினார்கள், குந்தியிருந்து தேங்காய் துருவினார்கள், கிணற்றில் அள்ளினார்கள். நாள் முழுக்கப் பயிற்சிதானே! தொடர்மாடிக்கு வந்தோம், சோபா, கொமட், லிஃப்ட். நடை ஒன்றுதான் மிஞ்சியது, அதைப் பிடித்துக்கொண்டு ஐயா சண்டைக்கு வருகிறார்.

வெள்ளவத்தை ஐயா: நான் ஒருநாளும் விழுந்ததில்லை.

சரி, சுவர் மூலையில் முதுகைக் கொடுத்து, முன்னால் ஒரு கதிரை வைத்து, ஒரு காலில் நின்று எண்ணுங்கள்.

கல்கிசை: அம்மாவுக்கு 70, என்ன பயிற்சி?

மேலே பம்பலப்பிட்டி மகளுக்குச் சொன்னது. கதிரை சுவரோடு.

மட்டக்குளி: மாமிக்கு 68...

மேலே. சுவரோடு.

வெள்ளவத்தை ஐயா: வலது கால் 11 செக்கன். இடது 3. கதிரையைப் பிடித்துவிட்டேன்.

பிளாஸ்டிக் கதிரையா?