ஆறு தோட்டா, நாலு ஜாம்பி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'ரெசிடென்ட் ஈவில் 2' என்ற ஜாம்பி வீடியோ கேமின் ரீமேக்கை (பழைய கேமைப் புதிதாகச் செய்தது), மிகக் கடினமான ஹார்ட்கோர் நிலையில் ஆடுகிறேன். போலீஸ் ஸ்டேஷனின் மேற்குப் பக்கத்தைத் தாண்டுவதற்குள் கைத்துப்பாக்கியில் ஆறு தோட்டாதான் மிச்சம். எதிரே நாலு ஜாம்பி. தலையைப் பார்த்துத்தான் சுடுகிறேன், ஆனாலும் ஒவ்வொன்றும் தோட்டாவைத் தின்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் குறியில் தப்பில்லை, செலவில்தான் தப்பு. 2019-ல் வந்த இந்த ரீமேக்கில் ஜாம்பியைக் கொன்றால் அது எதையும் போட்டுவிட்டுச் சாவதில்லை. தோட்டாவும் வராது, காயத்துக்கு மருந்தாகும் மூலிகையும் வராது. கொல்வதற்கு வரவே இல்லாத கணக்கு இது. லாரி எப்போது வரும் என்று தெரியாத தெருவில் குடத்துத் தண்ணீரை எப்படி எடுப்போமோ, அப்படித்தான் இங்கே தோட்டாவை எடுக்க வேண்டும்.

சுடுவதற்கு முன் மேப்பைத் திறங்கள். சிவப்பாக இருக்கும் அறையில் எடுக்க வேண்டியது ஏதோ பாக்கி இருக்கிறது. நீலமாகிவிட்டால் அங்கே வேலை முடிந்தது. நீல அறையில், திரும்பப் போக வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் நிற்கும் ஜாம்பிக்கு ஒரு தோட்டாகூடக் கொடுக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். சாவியைத் தேடிப் பத்து முறை போய்வர வேண்டிய தாழ்வாரம் என்றால் கதை வேறு. அங்கே நிற்பதைத் தயங்காமல் தீர்த்துக்கட்டுங்கள். மரப்பலகை கிடைத்ததும் அதே தாழ்வாரத்து ஜன்னலில் அடியுங்கள். அடைத்த ஜன்னல் வழியாகப் புதிதாக ஒன்றும் உள்ளே வராது. நாலைந்து தோட்டா செலவாகும் வேலையை ஒரு பலகை முடித்துவிடுகிறது.

சுடும் விதமும் உண்டு. நடந்துகொண்டே சுட்டால் குறி விரிந்தே இருக்கும், அடியும் லேசாக விழும். நின்று, குறி சுருங்கும்வரை ஒரு மூச்சு பொறுத்துச் சுடுங்கள். ஜாம்பி இரண்டடி முன்னால் வந்துவிட்டதே என்று பதறினால் அந்தப் பொறுமை போய்விடும், அதனால் தூரத்திலேயே நின்று தொடங்குங்கள். தலை ஆடிக்கொண்டே வந்தால் முழங்காலுக்கு இறக்குங்கள். கால் போய்விட்டால் ஊர்ந்துதான் வரும், சுற்றிப் போய்விடலாம்.

இப்போது உங்கள் ஆறு தோட்டா. நாலையும் சாய்க்க முடியாது, சாய்க்கவும் வேண்டாம். வழியை மறித்து நிற்பது எது என்று மட்டும் பாருங்கள். தலையில் ஒன்றிரண்டு பட்டால் தள்ளாடும். அந்த ஒரு நொடியில் சுவரோரமாக நுழைந்து ஓடுங்கள். மற்ற மூன்றையும் அகலமான இடத்துக்கு இழுத்து வந்து, அவை கை நீட்டிப் பாயும்போது பின்வாங்கிச் சுற்றிப் போங்கள். கேரம் ஆடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். காயைப் போடுவதைவிட ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

கீழே விழுந்து கிடப்பது செத்துவிட்டது என்று நம்பாதீர்கள். சில எழுந்து வரும். கத்தியால் ஒரு கீறல் கொடுங்கள். துடித்தால் உயிர் இருக்கிறது. கத்தியும் தேயும் பொருள்தான். கடிபடும் நேரத்தில் குத்தித் தப்பித்தால் கத்தி அந்த ஜாம்பியின் உடம்பிலேயே நின்றுவிடும், அதைச் சாய்த்தால்தான் திரும்ப எடுக்கலாம். பயத்தில் ஓடிவிட்டால் கத்தியும் போச்சு.

கேள்வி: அதே கேமில் பொருள் வைத்துக்கொள்ளத் தரும் எட்டு ஸ்லாட் (இடம்) எனக்குப் போதவே இல்லை. நல்ல பொருளை எல்லாம் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது.
– வாசகி, கொடுங்கையூர்

பதில்: துப்பாக்கிக்கு ஒரு ஸ்லாட், தோட்டாவுக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. இவ்வளவுடன், பொருளைப் போட்டு வைக்கும் பெட்டி இருக்கும் அறையை விட்டுக் கிளம்பினால் நாலு ஸ்லாட் காலி. அதிலும் ஒரு சாவியைத்தான் கையில் எடுங்கள். மீதி பெட்டியிலேயே கிடக்கட்டும், எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதே பொருள்தான் வரும். இரண்டாவது துப்பாக்கியை 'எதற்கும் இருக்கட்டும்' என்று தூக்கிக்கொண்டு போவதுதான் இடம் போகும் முதல் வழி.

கீழே தோட்டா கிடந்து கையில் இடமில்லை என்றால், முதலில் ரீலோட் செய்யுங்கள். துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டாவுக்கு ஸ்லாட் கணக்கு கிடையாது. பச்சை மூலிகையும் சிவப்பு மூலிகையும் தனித்தனியே இருந்தால் கலந்துவிடுங்கள். இரண்டு ஸ்லாட் ஒன்றாகும், முழு உடம்பும் தேறும் மருந்தும் கிடைக்கும். சிவப்பு தனியாக எதற்கும் உதவாது. இந்தக் கலவையை, பாதி அடிபட்ட மஞ்சள் நிலையிலேயே குடித்துவிடாதீர்கள், அதற்குத் தனிப் பச்சை போதும். வெடிமருந்து இரண்டு சேர்ந்தால் கைத்துப்பாக்கித் தோட்டா. சாவிமேல் சிவப்பு டிக் விழுந்தால் அதன் வேலை முடிந்தது, தூக்கிப் போடலாம்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். மேற்கு அலுவலகத்தில் இருக்கும் பெட்டகத்தை இடது 9, வலது 15, இடது 7 என்று திருப்பினால் இடுப்புப் பை கிடைக்கும். இரண்டு ஸ்லாட் கூடும். ஆரம்பத்திலேயே போய் எடுங்கள்.

கேள்வி: 'ரெசிடென்ட் ஈவில் 2'-ல் தொப்பி போட்டுத் துரத்தும் அந்த ராட்சதன் வந்தால் என்ன செய்வது? ஷாட்கன் முழுவதும் காலியாகிவிட்டது.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: போலீஸ் ஸ்டேஷனில் அவனைக் கொல்ல வழியே இல்லை. சுட்டால் கொஞ்ச நேரம் மண்டியிடுவான், பிறகு எழுந்து வருவான். துப்பாக்கிச் சத்தம் கேட்டும் வருவான். அவனைக் கொஞ்ச நேரம் நிறுத்த, கண்ணைக் கூச வைக்கும் ஃப்ளாஷ் கிரெனேட் ஒன்று போதும். தட்டச்சு இயந்திரம் இருக்கும் சேவ் அறைக்குள் பெரும்பாலும் வர மாட்டான், ஆனால் நடுக்கூடத்துக்குள் வருவான். அங்கே தட்டச்சு இயந்திரம் இருக்கிறதே என்று நம்பி நிற்காதீர்கள். காலடிச் சத்தம் எந்த மாடியில் கேட்கிறது என்று காதைத் தீட்டி வையுங்கள். டிவி ஸ்பீக்கரைவிட சாதாரண ஹெட்போனே மேல். ஒரு கோடிக்கு அவனை இழுத்துப் போய், மறுகோடி வழியாக வேலையை முடியுங்கள். நடுவில் நாக்கு நீட்டும் 'லிக்கர்' என்ற மிருகம் இருந்தால் ஓடக் கூடாது. அதற்குக் கண் தெரியாது, காதுதான். மெல்ல நடந்தால் பக்கத்திலேயே தாண்டலாம்.

கேள்வி: முதல் 'ரெசிடென்ட் ஈவில்' ரீமேக்கில் கொன்று போட்ட ஜாம்பி சிவந்து எழுந்து துரத்துகிறது. எல்லாவற்றையும் எரிக்க மண்ணெண்ணெய் போதவில்லை.
– வாசகர், காசிமேடு

பதில்: 2002-ல் வந்த அந்த ரீமேக்கில் கொல்வதே கடன் வாங்குவது மாதிரி. தலை சிதறாமல், எரிக்கப்படாமல் கிடக்கும் பிணம் பிறகு வேகமான ஜாம்பியாக எழும். கேனில் ஒரு தடவைக்கு இரண்டு பிணத்துக்குத்தான் எண்ணெய், கதை நடக்கும் மாளிகையில் கிடைக்கும் எண்ணெயும் அளவுதான். ஆகவே எல்லாவற்றையும் எரிக்கக் கிளம்பாதீர்கள். உயிரோடு விட்ட ஜாம்பி சிவப்பாக மாறாது. அறைகளுக்குள் இருப்பதை விலகிப் போங்கள். அடிக்கடி கடக்கும் தாழ்வாரத்தில் கொன்றதை மட்டும் எரியுங்கள். ஷாட்கனை மேல்நோக்கிப் பிடித்து, கிட்டே வரவிட்டுச் சுட்டால் தலை போய்விடும். அதற்கு எண்ணெயே வேண்டாம். நாம் தேர்ந்தெடுத்து ஆடும் இருவரில் கிறிஸுக்கு ஆறு ஸ்லாட், ஜில்லுக்கு எட்டு. முதல் தடவை ஆடுகிறவர் ஜில்லை எடுப்பது நல்லது.

கேள்வி: 'டெட் ஸ்பேஸ்' என்ற விண்வெளித் திகில் கேமை ஆடும்போது வாங்கிய எல்லா ஆயுதத்தையும் தூக்கிக்கொண்டு போகிறேன். தேவைப்படும் தோட்டா மட்டும் வருவதில்லை.
– வாசகர், எண்ணூர்

பதில்: கையில் எந்தெந்த ஆயுதம் இருக்கிறதோ, அவற்றுக்கான தோட்டாவைத்தான் கேம் பங்கிட்டுப் போடும். நாலு ஆயுதம் என்றால் நாலாகப் பிரியும். முதலில் கிடைக்கும் ஆயுதமான பிளாஸ்மா கட்டரையும் இன்னொன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஸ்டோரில் போடுங்கள். எதிரியின் தலை, மார்பு வேண்டாம், கை கால்களை வெட்டுங்கள். 2023 ரீமேக்கில் வெட்டி விழுந்த கூர்மையான கையைக் கினெசிஸால் (தொடாமலே பொருளைத் தூக்கும் சக்தி) தூக்கி எறிந்தால் அதுவே ஈட்டி. அதற்குத் தோட்டா செலவே இல்லை.

கேள்வி: வீட்டில் கன்சோல் இல்லை. மணிக்கணக்கில் காசு கொடுத்து கேம் சென்டரில் ஆடுகிறோம். அடுத்த வாரம் போனால் எங்கள் சேவ் மேல் வேறு யாரோ சேவ் செய்திருக்கிறார்கள்.
– நண்பர்கள், தண்டையார்பேட்டை

பதில்: எல்லாரும் ஒரே யூசரில் ஆடுவதால் வரும் வினை இது. கடைக்காரரிடம் கேட்டு உங்களுக்கென்று தனி யூசர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 4 என்றால் செட்டிங்ஸில் சேவ் டேட்டா பகுதிக்குப் போய் உங்கள் சேவை பென் டிரைவுக்கு எடுக்கலாம். டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்க வேண்டும். அந்த சேவ் அதை உருவாக்கிய கணக்கோடு கட்டுண்டது. வேறு கணக்கில் போட்டால் திறக்காது, அதனால் ஒரே கணக்கையே எப்போதும் பயன்படுத்துங்கள். பிளேஸ்டேஷன் 5 கேமின் சேவைப் பென் டிரைவுக்கு எடுக்க முடியாது. அதற்குக் காசு கட்டும் கிளவுட் வசதிதான்.

ஒரு மணி நேரக் காசுக்கு 'ரெசிடென்ட் ஈவில் 2' ரீமேக்கின் ஹார்ட்கோர் சரிப்படாது. அதில் தானாகவே சேவ் ஆகும் ஆட்டோசேவ் கிடையாது, தட்டச்சு இயந்திரத்தில் சேவ் செய்ய, கேமுக்குள் கிடைக்கும் மை ரிப்பனும் வேண்டும். நடுத்தரமான ஸ்டாண்டர்ட் நிலையில் ரிப்பன் தேவையில்லை. கடிகாரத்தில் பத்து நிமிடம் பாக்கி இருக்கும்போதே புது அறை திறப்பதை நிறுத்திவிட்டுத் தட்டச்சு இயந்திரம் இருக்கும் அறையைப் பார்த்து நடங்கள். சேவ் சின்னம் சுற்றி முடியும்வரை சுவிட்சில் கை வைக்க வேண்டாம் என்று கடைப் பையனிடமும் சொல்லி வையுங்கள்.