மான் மேயும் தோட்டத்துக்கு எதை வாங்கலாம்?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாக மான் மேய்ந்துவிட்டுப் போகிறது. முயலும் வருகிறதோ என்று சந்தேகம். மீயொலி, அதாவது மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி ஒன்றை விளம்பரத்தில் பார்த்தேன். அதை வாங்கலாமா, வேலியே போட்டுவிடலாமா?

பதில்: கருவி வேண்டாம், வேலி போடுங்கள். ஆனால் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு நாள் காலையில் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடிபட்ட தண்டைக் கையில் பிடித்துப் பாருங்கள்.

மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லுக்கும் மேலே இருக்கிற கெட்டியான ஈறுக்கும் நடுவில் தண்டைக் கவ்வி இழுக்கும். அதனால் கடித்த இடம் பிய்ந்து, நார் நாராகத் தொங்கும். முயலுக்கு மேலும் கீழும் கூரான பல். கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டின மாதிரி சுத்தமாக இருக்கும், அதுவும் தரையிலிருந்து ஓரிரு அடிக்குள்ளேயே. மார்பளவு உயரத்தில் தளிர் போயிருந்தால் அது முயல் வேலை இல்லை. ஒரு விஷயம்: ஆடு, மாட்டுக்கும் மேல் முன்பல் கிடையாது, கடித்த தடம் மான் கடி போலவே இருக்கும். அக்கம்பக்கத்தில் கால்நடை இருந்தால் குளம்புத் தடத்தையும் புழுக்கையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். மண்ணைக் கிளறி வேரும் கிழங்கும் போயிருந்தால் பன்றியோ முள்ளம்பன்றியோ வருகிறது.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மானுக்கென்று விற்கும் பெரிய கண் வலையில் முயல் தாராளமாக நுழையும். முயலுக்குப் போடுகிற இரண்டடி வலையை மான் நின்ற இடத்திலிருந்தே தாண்டும். யார் வருகிறார்கள் என்று தெரியாமல் வாங்கினால் இரண்டு தடவை செலவு.

சரி, உயரம். திறந்த இடத்தில் மானை நிச்சயமாக நிறுத்த வேண்டுமென்றால் 8 அடி வேலிதான் வழக்கம். உங்களுடையது சின்னத் தோட்டம் என்பதால் அவ்வளவு தேவைப்படாமல் போகலாம். குதித்து இறங்கும் இடம் குறுகலாக இருந்தாலோ, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலோ மான் தாவத் தயங்கும். நாலைந்து பாத்தியை மட்டும் நெருக்கமாகச் சுற்றி அடைத்தால் 6 அடியே பெரும்பாலும் போதும். தோட்டம் முழுவதையும் அரைகுறையாக அடைப்பதைவிட, முக்கியமான பாத்திகளை முழுதாக அடைப்பதே என் யோசனை.

முயலும் வந்தால், அதே வேலியின் அடியில் ஓர் அங்குலக் கண் உள்ள கோழி வலையை இரண்டடி உயரத்துக்குக் கட்டுங்கள். கீழே அரை அடியை மண்ணுக்குள் இறக்கி, நுனியை வெளிப்பக்கமாக மடக்கிப் புதைக்க வேண்டும். முயல் வேலி ஓரத்தில்தான் பறிக்கும். பறிக்கிற இடத்தில் வலை தட்டுப்பட்டால் விட்டுவிடும். உள்பக்கமாக மடக்கினால் அந்தப் பலன் இல்லை.

கம்பி வலை வாங்கும்போது கேஜ் எண்ணைக் கேளுங்கள். எண் கூடினால் கம்பி மெலிகிறது என்று அர்த்தம்: 16 கேஜைவிட 20 கேஜ் மெல்லியது. பிளாஸ்டிக் வலை என்றால் வெயில் தாங்கப் புற ஊதாக் கதிர்ப் பாதுகாப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத வலை கொஞ்ச நாளில் நொறுங்கிவிடும். மெல்லிய நைலான் வலையைத் தளர்வாகத் தொங்கவிடவே கூடாது. பாம்பும் பறவையும் அதில் சிக்கித் தவித்துச் சாகும். நான் ஒரு முறை காலையில் போய்ப் பார்த்தபோது ஒரு சாரைப்பாம்பு நடு உடம்பில் இழை இறுகிக் கிடந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டி விடுவித்தேன். அன்றே அந்த வலையைக் கழற்றிவிட்டேன். வலையை விறைப்பாகக் கட்டி, புதிதாகக் கட்டின சில வாரங்களுக்கு மான் கண் மட்டத்தில் வெள்ளைத் துணிக் கீற்றுகளைத் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் இருட்டில் வலை தெரியாமல் மான் மோதிக் கிழித்துக்கொண்டு போகும்.

அப்புறம், கதவு. எத்தனையோ பேர் வேலியை ஒழுங்காகப் போட்டுவிட்டுக் கதவை மூன்றடியில் வைத்துவிடுகிறார்கள். கதவும் வேலி உயரம் இருக்க வேண்டும், அடியில் கையளவு சந்துகூட இருக்கக் கூடாது.

மீயொலிக் கருவி ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் சில நாள் புதுச் சத்தத்துக்கு மிரளும் விலங்கு, அதனால் ஆபத்து எதுவும் இல்லை என்று சீக்கிரமே பழகிவிடுகிறது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001-இல், எலி, பூச்சிகளை விரட்டும் என்று இத்தகைய கருவிகளைத் தயாரித்த அல்லது விற்ற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இருக்க வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஏதாவது கருவி வாங்கியே தீர வேண்டுமென்றால், நடமாட்டம் தெரிந்ததும் தண்ணீரைப் பீய்ச்சும் சென்சார் ஸ்பிரிங்க்ளர் வாங்குங்கள். தண்ணீர் மேலேயே படுவதால் விலங்குக்கு அது பழகக் கொஞ்சம் நாளாகும். வாரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றி வையுங்கள்.

கேள்வி: சோப்புக் கட்டி, தலைமுடி, அந்துருண்டை தொங்கவிட்டால் மான் வராது என்கிறார்கள். உண்மையா?

பதில்: சோப்பும் முடியும் தொங்கவிட்ட இடத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு, கொஞ்ச நாளைக்கு வேலை செய்யலாம். பசி முற்றிய மான் அதைச் சட்டை செய்யாது. அந்துருண்டையைத் தோட்டத்தில் போடவே போடாதீர்கள். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. மண்ணிலும் நீரிலும் கலக்கும், மிட்டாய் என்று குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

கடையில் கிடைக்கிற விரட்டி ஸ்பிரேக்களில் அழுகிய முட்டை வாசனை உள்ளவை ஓரளவு நன்றாகவே பலன் தருகின்றன. ஆனால் மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டும், புதுத் தளிர் விட்டால் அதற்கும் அடிக்க வேண்டும். நீங்கள் பறித்துச் சாப்பிடுகிற செடிக்கு அடிக்கலாமா என்பதை லேபிளில் படித்துவிட்டு வாங்குங்கள். பல ஸ்பிரேக்கள் பூச்செடிக்கு மட்டும்தான்.

கேள்வி: மின்வேலி போட்டால் என்ன?

பதில்: வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், ஆளையே கொன்றுவிடும். மின்வேலிக்கென்று செய்த எனர்ஜைசர், விட்டு விட்டுக் கண நேரத் துடிப்பாகத்தான் மின்சாரம் அனுப்பும். பெட்டியில் மின்வேலிக் கருவிகளுக்கான சர்வதேசத் தர எண்ணான ஐஇசி 60335-2-76 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் பகுதியில் அனுமதி வேண்டுமா என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். கம்பியில் புல் உரசினால் விசை குறைந்துவிடும், அதனால் அடியில் முளைக்கும் களையை விடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீடு என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.