ஆங்கிலத் துறையின் சாதனை எது?

கேள்வி: என் மகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆங்கிலம் பயில விரும்புகிறாள். ஆங்கிலத் துறைகளின் செய்திமடல்களில் கருத்தரங்கு, நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, மொழிபெயர்ப்பு என்று சாதனைகள் வரிசையாக வருகின்றன. எதைக் கொண்டு துறையை மதிப்பிடுவது?
– வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, கருத்தரங்கில் கட்டுரை வாசித்த செய்திகளை விரைவாகக் கடந்துவிடலாம், சான்றிதழ் எளிதில் கிடைத்துவிடுகிறது. நெட் தேர்ச்சி அப்படியன்று. மூன்று மணி நேரம், 150 வினாக்கள், 300 மதிப்பெண்கள் என்று அமைந்த அத்தேர்வில் இளநிலை ஆய்வு நிதியுதவிக்கும் தகுதி பெறுபவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைப்பதால், தறியை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளையும் கிடைத்த வேலைக்குப் போய்விடாமல் முனைவர் பட்ட ஆய்வைத் தொடர முடிகிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு உரியதான, 1997-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் இதையே நான் முதன்மையாக மதிப்பேன். மொழிபெயர்ப்பும் அதற்குக் குறைந்ததன்று; குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில உலகம் அறியச் செய்த ஏ.கே.ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்தாம். பல்கலைக்கழக ஆய்வேடுகள் பல சோத்கங்கா இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அத்துறையின் ஆய்வேடுகள் ஒன்றிரண்டை, குறிப்பாக முன்னுரையையும் முடிவுரையையும், மகளோடு அமர்ந்து படித்துப் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள்.